வசனம் ஒட்டிய கணக்கு

ஐந்து அப்பம், ஐயாயிரம் பேர். ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்? இப்படி ஒரு வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கணிதத்தில் விசுவாசத்தை இணைத்துவிட்டதாகப் பாடக்குறிப்பேட்டில் ஓர் ஆசிரியர் எழுதினால் அவரைக் கேலி செய்ய வேண்டியதில்லை. தன்னிடம் கேட்கப்பட்டது அதுதான் என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் விடையைப் பாருங்கள். ஓர் அப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுவிசேஷக் கதையிலோ எல்லாரும் வயிறாரச் சாப்பிட்ட பிறகு பன்னிரண்டு கூடை மிஞ்சுகிறது. வகுத்தல் கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை என்பதுதான் அந்தக் கதையின் உயிர். கணக்கும் கதையும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டதைத் தவிர அந்தப் பீரியடில் வேறொன்றும் நடக்கவில்லை.

எல்லாப் பாடங்களிலும் விசுவாசம் வெளிப்பட வேண்டும் என்ற பேச்சு கிறிஸ்தவப் பள்ளிகளில் புதிதல்ல. அதைக் கேட்டதும் இரண்டு விதமான எதிர்வினைகள் எழுகின்றன. பள்ளிக்கு வெளியே இருப்பவர்களில் சிலர், அறிவியல் புத்தகத்துக்குள் பைபிளை ஒளித்துவைத்துக் கொடுக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறார்கள். பள்ளிக்கு உள்ளே இருப்பவர்களில் சிலர் மேலே சொன்ன மாதிரி கணக்கு எழுதுகிறார்கள். இவர்கள் எதிரெதிர் அணியில் நிற்பதாகத் தோன்றினாலும் இருவரும் நினைப்பது ஒன்றையே: பாடம் என்று ஒன்று தனியாக இருக்கிறது, விசுவாசம் அதன் மேல் தூவப்படுவது. இந்த நினைப்பைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் எதைப் பற்றிப் பேசவில்லை என்பதைச் சொல்லிவிடலாம். காலை அசெம்பிளியில் ஜெபம், வாரத்தில் சில பீரியட் வேதபாடம், கத்தோலிக்கப் பள்ளி என்றால் மறைக்கல்வி, மற்ற சமயப் பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் நீதிபோதனை. இவற்றுக்கெல்லாம் கால அட்டவணையில் தனி இடம் இருக்கிறது. அவை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். இங்கே கேள்வி, இரண்டாவது பீரியட் கணக்கு, மூன்றாவது பீரியட் அறிவியல், மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் சொக்கும் வரலாறு ஆகியவற்றைப் பற்றியது.

இந்த எண்ணத்துக்கு நவீன வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஃபிராங்க் கேபலைன். நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் உள்ள ஸ்டோனி புரூக் பள்ளியின் தலைமையாசிரியராக, 1922 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். 1954இல் அவர் வெளியிட்ட 'தி பேட்டர்ன் ஆஃப் காட்ஸ் ட்ரூத்' என்ற சிறு நூல் இன்றும் கிறிஸ்தவக் கல்வியாளர்களின் மேசையில் கிடக்கிறது. உண்மை எங்கே கிடைத்தாலும் அது கடவுளுடையதுதான் என்பது அவருடைய அடிப்படை. இது அவர் கண்டுபிடித்ததல்ல. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகஸ்டின், பிற சமயத்தார் எழுதிய நூல்களைக் கிறிஸ்தவர்கள் படிக்கலாமா என்ற கேள்விக்குச் சொன்ன பதிலின் தொடர்ச்சி. கேபலைனிடம் எனக்குப் பிடித்தது அவருடைய நேர்மை. இணைப்பதற்கு மிகக் கடினமான பாடம் கணிதம்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நம் ஊர்ப் பாடக்குறிப்பேடுகளில் கணிதத்துக்கான கட்டம்தான் எல்லாவற்றையும்விட எளிதாக நிரம்பிவிடுகிறது!

அதே அமெரிக்காவில்தான் இன்னொரு பாதையும் பிறந்தது. 1970இல் டெக்சாஸில் தொடங்கப்பட்ட 'ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்' என்ற பாடத்திட்டத்தில் பிள்ளைகள் தனித்தனித் தடுப்புகளுக்குள் உட்கார்ந்து பயிற்சிநூல்களை நிரப்புவார்கள். எல்லாப் பாடத்திலும் வசனம் உண்டு. அதன் உயிரியல் பயிற்சிநூல் ஒன்று, ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் விநோத விலங்கை நிஜப் பிராணியாகவே எடுத்துக்கொண்டு, பரிணாமக் கொள்கையை மறுக்க அதைச் சான்றாகக் காட்டியது. செய்தித்தாள்களில் சந்தி சிரித்த பிறகு பிற்காலப் பதிப்பில் அது நீக்கப்பட்டது. உண்மை எல்லாம் கடவுளுடையது என்ற இடத்திலிருந்து புறப்பட்டவர்கள், கடவுளுக்காக ஒரு கட்டுக்கதையைத் துணைக்கு அழைக்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்? பாடம் என்ன சொல்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பாடம் நமக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்த இடத்தில்தான் அந்தத் திருப்பம்.

இது அமெரிக்காவின் வினோதம் மட்டுமில்லை. நமக்கு மிக அருகில், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், இதைவிடப் பல மடங்கு புத்திசாலித்தனமாக ஒரு முயற்சி நடந்தது.

அமெரிக்க மிஷனரிகள் 1823இல் அங்கே தொடங்கிய செமினரி, ஆசியாவின் அந்தக்கால உயர்கல்வி நிலையங்களில் முன்வரிசையில் இருந்தது. கணிதம், வானியல், தமிழ் இலக்கியம், ஆங்கிலம் எல்லாம் கற்பித்தார்கள். முதல்வர் டேனியல் பூவர் வானியலை வெறும் வானியலாகக் கற்பிக்கவில்லை. கோள்கள் பற்றிய புராணச் செய்திகளும் பஞ்சாங்கக் கணிப்பும் பிழை என்று காட்டிவிட்டால், அவற்றோடு பிணைந்த சமயமும் தானாக ஆட்டங்காணும் என்பது அவர் கணக்கு. 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அவ்வூர்ப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரி ஒரு நேரம் குறித்திருந்தார்; பூவர் ஐரோப்பிய முறைப்படி வேறொரு நேரம் குறித்தார். தொடக்கத்திலேயே ஏறத்தாழக் கால் மணி நேர வித்தியாசம். கிரகணம் பூவரின் கணக்குப்படி வந்தது. மிஷன் வட்டாரத்தில் இது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது.

வெற்றி யாருக்கு? இரு தரப்பும் கணக்குத்தான் போட்டன. ஒரு தரப்பு பழைய வாய்பாடுகளைக் கொண்டு போட்டது, மறு தரப்பு நியூட்டனுக்குப் பிந்தைய அட்டவணைகளைக் கொண்டு போட்டது. தோற்றது ஒரு வாய்பாடு. சிவனும் தோற்கவில்லை, கிறிஸ்துவும் ஜெயிக்கவில்லை. பிற்காலத்தில் நடந்ததே இதற்குச் சாட்சி: நவீன வானியல் அளவைகளை ஏற்றுக்கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கம் வந்தது, வாக்கியப் பஞ்சாங்கமும் கூடவே விற்கிறது, கோயில் திருவிழா நாள் குறிப்பதில் இரண்டு கட்சியினரும் இன்றும் வழக்காடுகிறார்கள். யாருடைய சைவமும் அதனால் சுருங்கிவிடவில்லை.

வட்டுக்கோட்டையில் படித்தவர்களைப் பார்த்தாலும் இது தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் அங்கே படித்தவர்கள். அவர்களில் ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. செமினரியில் பெற்ற கல்விப் பயிற்சியோடு சைவராக நின்று கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்தார். பூவருக்குப் பின் முதல்வரான ஹென்றி ஹாய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே வேலைபார்த்து, பைபிள் தமிழாக்கத்திலும் மிஷனரி பீட்டர் பெர்சிவலுக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். படிநிலைப் பாலபாடம், அச்சுப் புத்தகம், வினாவிடை என்று மிஷன் பள்ளியின் முறைகளை எடுத்துக்கொண்டு அவற்றில் சைவத்தை வைத்தார். பாடத்தை ஆயுதமாக நீட்டினால் எதிர்த்தரப்பும் அதையே கையில் எடுக்கும். அதில் தவறு சொல்ல முடியாது. வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்த மிஷன் தலைமைக்கு அது போதுமான அளவு மத நிறுவனமாகத் தெரியவில்லை என்பது காரணங்களில் ஒன்று.

ஆனால் அங்கே கற்பிக்கப்பட்ட வானியல் நல்ல வானியல். தமிழ் கற்பிக்கப்பட்ட விதமும் நல்ல விதம். நிலைத்தவை அவைதான். வாதத்துக்காக வளைக்கப்பட்ட பகுதி மட்டுமே உதிர்ந்துபோனது.

அறிவியலில் விசுவாசி எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு ஓர் ஆளைக் காட்டச் சொன்னால் நான் ஜார்ஜ் லெமைத்ரைக் காட்டுவேன். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர், லூவேன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்பதைச் சமன்பாடுகளிலிருந்தும் தொலைநோக்கிக் கணிப்புகளிலிருந்தும் 1927இல் எழுதினார். 1931இல் இன்னும் ஒரு படி போய், எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்றார். பின்னாளில் பெருவெடிப்பு என்று பெயர்பெற்ற கொள்கையின் வித்து அது. இதைப் பார்த்த சில விஞ்ஞானிகள், பாதிரியார் ஆதியாகமத்தைச் சமன்பாட்டுக்குள் நுழைக்கிறார் என்று முகம் சுளித்தார்கள்.

1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இந்தக் கொள்கையைச் சுட்டி, படைப்புக்கு அறிவியலே சாட்சி சொல்கிறது என்ற தொனியில் உரையாற்றினார். ஒரு குருவுக்கு இதைவிடப் பெருமை என்ன இருக்க முடியும்? லெமைத்ர் சங்கடப்பட்டார். தன் கொள்கை எந்த மதக் கேள்விக்கும் வெளியே நிற்பது, அதை ஏற்கவும் மறுக்கவும் நாத்திகருக்கும் விசுவாசிக்கும் ஒரே அளவு உரிமை உண்டு என்பது அவர் நிலை. இந்த ஒப்பீட்டைத் தவிர்ப்பது நல்லது என்ற செய்தியை வத்திக்கானின் அறிவியல் வட்டாரம் வழியாகச் சேர்ப்பித்தார். அடுத்த ஆண்டு உரோமையில் கூடிய வானியலாளர்கள் முன் திருத்தந்தை பேசியபோது அந்தப் பேச்சு இல்லை.

காரணம் எளிது. அறிவியல் கொள்கை நாளை மாறலாம். மாறும் கொள்கையோடு படைப்பு விசுவாசத்தைக் கட்டிப்போட்டால், கொள்கை விழும் அன்று விசுவாசமும் சேர்ந்து விழும். பூவர் செய்ததை நேர்மாறாக நின்று பார்த்தவர் லெமைத்ர். இந்தத் தெளிவு சபைக்குப் புதியதுமல்ல. 1554இல் வெளியான ஆதியாகம விளக்கவுரையில் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் இதே சிக்கலைச் சந்திக்கிறார். மோசே சூரியனையும் சந்திரனையும் இரண்டு பெரிய சுடர்கள் என்கிறார். சனிக்கோள் சந்திரனைவிடப் பெரியது என்று வானியலாளர்கள் காட்டிவிட்டார்களே? கால்வின் பதறவில்லை. மோசே சாமானியர் கண்ணுக்குத் தெரிவதைச் சாமானியர் பேச்சில் எழுதினார், வானியல் கற்க விரும்புகிறவர் வேறு இடத்தில் போய்க் கற்கட்டும் என்ற பொருளில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மோசேயை மட்டந்தட்டவுமில்லை, வானியலாளரை ஏசவுமில்லை.

ஆக, அறிவியல் ஆசிரியர் பெருவெடிப்பைச் சொல்லும்போது ஆதியாகமத்தின் முதல் வசனத்தைச் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. சேர்க்காமல் விடுவதற்கே விசுவாச ரீதியான நியாயம் இருக்கிறது. அப்படியானால் அவருடைய விசுவாசம் வகுப்பில் எங்கே தென்படும்? சோதனைக்கூடத்தில் வாசிப்பு ஒத்துவராத மாணவி, பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிக்கொள்ளும்போது தென்படலாம். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணுக்காக அந்தத் திருட்டுக்கு ஆசிரியர்களே கண்ணை மூடிக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் நடக்கிற கதை. வந்த அளவை வந்தபடி எழுது, ஏன் வித்தியாசம் வந்தது என்று சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லும் ஆசிரியர் பொய்ச்சாட்சி பற்றிய கட்டளையை வாய்திறந்து சொல்லாமலே கற்பித்துவிடுகிறார். பிறசமயப் பெற்றோர் யாரும் அதில் குறை காணமாட்டார். குறை காண்பவர் இருந்தால் அது மார்க் குறைந்துவிட்டது என்பதாகத்தான் இருக்கும்.

இனி, கேபலைனே கடினம் என்று ஒப்புக்கொண்ட கணிதம்.

தனிவட்டிப் பாடம் எல்லாருக்கும் தெரியும். அசல், வட்டிவீதம், காலம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுத்தால் தீர்ந்தது. பாடநூல் கணக்குகளில் கடன் வாங்குகிறவர் ஒருவர், வீதம் ஆண்டுக்கு 8 சதவீதம் போல ஏதோ ஒன்று, சோகமில்லாத ஓர் உலகம். இதோ அந்த உலகத்துக்கு வெளியே உள்ள ஒரு கணக்கு. பூக்கடைக்காரர் ஒருவர் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறார். கையில் கிடைப்பது 8,500. தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டிவீதம் என்ன?

பெரும்பாலான பிள்ளைகள் 15 சதவீதம் என்பார்கள். ஆசிரியர் அவசரப்பட வேண்டாம். கையில் வந்தது 8,500தானே, 1,500ஐ அதனால் வகுக்க வேண்டாமா என்று கேட்டால் 17.6 ஆகும். அது நூறு நாளுக்கு; ஆண்டுக்கு என்றால் 64 சதவீதத்தைத் தாண்டுகிறது. இங்கே வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். இன்னும் முடியவில்லை. பூக்கடைக்காரர் 8,500 ரூபாயை நூறு நாளும் முழுதாக வைத்திருந்தாரா? முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாரே. சராசரியாக அவர் கையில் இருந்தது ஏறத்தாழப் பாதித் தொகை. அப்படியானால் உண்மையான வீதம் இரு மடங்கை ஒட்டி ஏறும். ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த வகுப்பில் எந்த வீட்டு வாசலுக்கு மாலையில் தண்டல் நோட்டு வருகிறது என்பது ஆசிரியருக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்.

இதில் வசனம் எதுவும் இல்லை. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்று மோசேயின் சட்டம் சொல்வது ஆசிரியருக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கணக்கு அவர் கண்ணில் பட்டது. அந்தச் சட்டத்தை அவர் சொல்லாவிட்டாலும் கணக்கு நிற்கும். 2003இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தைச் சொல்லலாம். வட்டியை விலக்கும் இஸ்லாமிய நெறியை வகுப்பிலுள்ள ஒரு மாணவரே சொல்லிவிடக்கூடும். கணிதம் ஓர் இம்மிகூட வளையவில்லை. மாறியது எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்கிறோம், யார் பக்கம் நின்று அதைப் போடுகிறோம் என்பது. அப்பக் கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால், எதில் விசுவாசம் வேலைசெய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வரலாற்றுப் பாடத்தில் இந்தச் சோதனை வேறு விதமாக வருகிறது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லும்போது, லண்டன் மிஷனரிகளும் சபைப் பெண்களும் அதில் நின்ற நிலையைக் கிறிஸ்தவ ஆசிரியர் உற்சாகமாகவே சொல்வார். 1859 அரச அறிவிப்பு வரை வந்து நிறுத்திக்கொள்வார். நிறுத்தக் கூடாது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் இருக்கிறது. 1870களில் அங்கே எழுந்த தேவாலயம், ஒரே பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் கால்சட்டைபோல் பிரிந்துபோகும் வடிவத்தில் கட்டப்பட்டது. வேளாளர் ஒரு பக்கமும் நாடார் மறு பக்கமும் இருந்து பூசை காண்பதற்காகத்தான் அந்த வடிவம். இரண்டும் ஒரே நூற்றாண்டு, ஒரே வட்டாரம், இரண்டிலும் சிலுவை. இரண்டையும் ஒரே பீரியடில் சொல்லும் ஆசிரியர், மனிதனின் பாவம் பற்றித் தன் சபை கற்பிப்பதை மெய்யாகவே நம்புகிறவர். முதலாவதை மட்டும் சொல்பவர் சபைக்கு விளம்பரம் செய்கிறார்.

மொழிப்பாடத்துக்கு வந்தால், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரை விட முடியாது. 1862இல் சென்னைக்கு வந்து நெடுங்காலம் அங்கே கற்பித்தவர். மாணவர்கள் ஞானஸ்நானம் பெறுவதைவிட, கிறிஸ்தவச் சிந்தனை சமூகத்தில் மெல்லப் பரவுவதே கல்லூரியின் வேலை என்று வாதிட்டு, சொந்த மிஷன் வட்டாரத்திலேயே திட்டு வாங்கியவர். ஷேக்ஸ்பியரை அவர் நடத்தியது ஒழுக்கம் சார்ந்த வாசிப்பாக. 'கிங் லியர்' நாடகத்தை இந்திய அரசியலோடு சேர்த்து ஒரு நூலே எழுதினார். அவர் வாசிப்பில் பிரிட்டிஷ் ஆட்சியின் மேல் உள்ள பற்று நமக்கு உறுத்தலாம். ஆனாலும் நாடகத்தை நாடகமாக வாசித்து, அதிகாரம் கைமாறும்போது என்ன ஆகிறது என்ற கேள்வியை அதிலிருந்தே எடுத்தார். வெளியிலிருந்து ஒரு நீதியைக் கொண்டுவந்து ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழ் வகுப்பில் சிக்கல் குறைவு. தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் சீறாப்புராணமும் பெரியபுராணமும் ஒரே செய்யுள் பகுதியில் அடுத்தடுத்து வருவதைத் தமிழ்ப் பிள்ளைகள் பழகியே வளர்கிறார்கள். கிறிஸ்தவப் பள்ளியின் தமிழாசிரியர் திருவாசகத்தை ராகம் போட்டு நடத்துவது நம் ஊரில் அதிசயமில்லை. ஜி.யு. போப் அதை 1900இல் மொழிபெயர்த்தே வெளியிட்டுவிட்டார். இங்கே விசுவாசத்துக்கு ஒரே பரீட்சைதான்: தன் சமயத்துச் செய்யுளுக்குக் கொடுக்கும் அக்கறையை அடுத்தவர் செய்யுளுக்கும் கொடுக்கிறாரா?

கேபலைனின் பள்ளிக்கும் நம் பள்ளிகளுக்கும் உள்ள ஒரு பெரிய வேறுபாட்டை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அவருடையது, கிறிஸ்தவக் கல்வி என்று அறிந்தே பெற்றோர் தேடிவந்து சேர்த்த தனியார் பள்ளி. நெதர்லாந்தில் இறையியலாளர் ஆபிரகாம் கைப்பர் வழிவந்தவர்கள் கேட்டதும் அதுபோன்ற பள்ளிகளுக்குத்தான். நீண்ட போராட்டத்துக்குப் பின் 1917இல் அரசுப் பள்ளிக்குச் சமமான நிதியுரிமையை அவர்கள் அரசியலமைப்பிலேயே பெற்றார்கள். நம் ஊர் மிஷன் பள்ளி அப்படிப்பட்டதல்ல. மீனாட்சியும் ரஹமத்தும் ஸ்டெல்லாவும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம். பிள்ளையை அங்கே சேர்ப்பவர்களில் பலர் ஒழுங்குக்காகவும் ஆங்கிலத்துக்காகவும், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவும் சேர்க்கிறார்கள். வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே இறக்குமதி செய்தால் இங்கே பொருந்தாது.

சட்டமும் இந்த நிலைமையை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. அரசியலமைப்பின் 30(1) பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்த உரிமை தருகிறது. 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் யாரையும் அவர் சம்மதமின்றி, சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதமின்றி, மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் படிக்கும் தாளாளரும் இரண்டாவதை மட்டும் படிக்கும் எதிர்ப்பாளரும் பாதிப் பக்கத்தை மடித்துவைக்கிறார்கள். மத போதனை வேறு, ஒரு மதத்தைப் பற்றியோ மகானைப் பற்றியோ கல்வி நோக்கில் கற்பது வேறு என்பதையும் உச்ச நீதிமன்றம் 1971ஆம் ஆண்டு டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் தெளிவாக்கியது. குரு நானக்கின் வாழ்வையும் போதனையையும் பற்றிய ஆய்வுக்குப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்வது மத போதனை ஆகாது என்பது அந்தத் தீர்ப்பு.

வேதபாடப் பீரியடுக்குச் சம்மதம் கேட்கலாம். வேண்டாம் என்பவர் நீதிபோதனைக்குப் போகலாம். கணக்குப் பீரியடிலிருந்து யாரும் எழுந்து போக முடியாது. அதனால்தான் பாடத்துக்குள் ஒட்டப்படும் வசனம், வேதபாடத்தைவிடச் சிக்கலானது. சம்மதம் கேட்கப்படாத இடத்தில் அது வந்து நிற்கிறது. எந்தத் தீய எண்ணமும் இல்லாமல் எழுதப்பட்ட அப்பக் கணக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தண்டல் கணக்குக்கு அந்தக் கடப்பாடு இல்லை.

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்குப் பாடநூலும் ஒன்றே. 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பாடநூலில் தங்கள் விசுவாசத்தைச் சேர்க்கும் வழி கிறிஸ்தவப் பள்ளிக்கும் இல்லை, மற்ற சமயத்தார் பள்ளிக்கும் இல்லை. மிஞ்சியிருப்பது நாற்பது, நாற்பத்தைந்து நிமிடமும் ஓர் ஆசிரியரும். போர்ஷன் முடிக்க வேண்டிய அவசரத்தில் அந்த ஆசிரியர் தண்டல் கணக்குக்கு இருபது நிமிடம் ஒதுக்குவாரா? நிர்வாகம் அதற்கு இடம் கொடுக்குமா? விசுவாசத்தை எல்லாப் பாடத்திலும் காட்டு என்று சுற்றறிக்கை அனுப்பும் நிர்வாகம், நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டவும் அவசரப்படுகிறது. இரண்டு உத்தரவும் மோதும்போது எது ஜெயிக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அப்பக் கணக்கு பாடக்குறிப்பேட்டுக்குள் நுழைவது அந்த இடுக்கில்தான்: நேரம் பிடிக்காது, இன்ஸ்பெக்‌ஷனுக்கும் காட்டலாம்.

கடைசியாக ஒரு முள். பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமம் வருகிறது. அதை மனப்பூர்வமாக ஏற்காத ஆசிரியர்கள் சில பள்ளிகளில் இருக்கிறார்கள். பாடத்தை ஓட்டமாக ஓட்டிவிட்டு, இதெல்லாம் தேர்வுக்குத்தான் என்று சொல்லிவிடுகிறார்கள். கத்தோலிக்கப் பள்ளியில் இதற்கு நியாயமே கிடையாது. இரண்டாம் யோவான் பவுல் 1996இலேயே, பரிணாமத்தை வெறும் ஊகமாகத் தள்ளிவிட முடியாது என்று எழுதிவிட்டார். மற்ற சபைகளைச் சேர்ந்த ஆசிரியருக்குத் தனிப்பட்ட தயக்கம் இருந்தால் அது அவர் மனசாட்சியைச் சேர்ந்தது. ஆனால் மாணவருக்குச் சேரவேண்டியது, புதைபடிவங்களும் உடற்கூற்று ஒற்றுமைகளும் மரபணுச் சான்றுகளும் எதைக் காட்டுகின்றன என்ற முழுப் பாடம், சிரிப்பில்லாமல், அவசரமில்லாமல். வகுப்பில் யாராவது எழுந்து, சார், நீங்கள் இதை நம்புகிறீர்களா என்று கேட்டால், அறிவியல் இந்தச் சான்றுகளிலிருந்து எப்படி இந்த முடிவுக்கு வந்தது என்பதை இன்று படிப்போம், என் நம்பிக்கை பற்றிப் பேச வேண்டுமானால் உன் வீட்டில் கேட்டுக்கொண்டு மாலை ஸ்டாஃப் ரூமுக்கு வா என்று சொல்லலாம். அப்படிச் சொன்ன பிறகு அடுத்த பீரியடிலும் அதே பாடத்தை, விட்ட இடத்திலிருந்து நடத்த வேண்டும்.